உயிருக்கு ஒரு பற்றுக்கோடு
(ஜெயமங்கலம் திருக்குடமுழுக்குப் பெருவிழாச் சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



வராக நதி வளஞ்செய்யும் இந்நல்லூரில் திருப்பணி இனிது நிறைவுற்றது. வேள்விச்சாலையில் வைத்துப் பூசித்த குடங்களின் நன்னீர் விமானக் கலசங்களிற் சொரியப்பெற்றது. பொருள் வழங்கினோர் பலர். கல்லும் மண்ணும் சுமந்து உடலுழைப்பு வழங்கினோர் பலர். இத்தகைய நன்னாளில் மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றன் சிறப்பை எடுத்துரைத்தல் மரபு. இச்சொற்பொழிவு அம்மூன்றையும் வணங்கி, அவற்றின் முன் நின்று கேட்கத் தக்க ஒரு வினாவை எடுத்துக்கொள்கிறது. மனிதன் எதன்பொருட்டு உயிர் வாழ்கிறான்? வாழ்வுக்குப் பொருள் என ஒன்று உண்டா? உண்டாயின், அதனை எங்ஙனம் அடைவது?

தமிழில் பொருள் என்னும் சொல் மூன்றினைக் குறிக்கும். செல்வமும் பொருள், சொல்லின் கருத்தும் பொருள், என்றும் உள்ளதாகிய மெய்ம்மையும் பொருள். ஒரு சொல்லிலே இம்மூன்றும் அடங்கியிருத்தல் சிந்திக்கத் தக்கது. கைப்பொருள் நிறைய உடையவன் வாழ்வின் பொருள் காணாது வாடுதல் உண்டு. வாழ்வின் பொருளைக் கண்டதாக எண்ணுபவன் மெய்ப்பொருளைக் காணாது நிற்றலும் உண்டு. முதற்பொருளிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும் உயிர் ஏறிச்செல்லும் வழி யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வினாவை முன்னாளில் சமய நூலோரும் தத்துவ நூலோருமே ஆராய்ந்தனர். இருபதாம் நூற்றாண்டில் உளநூலாரும் இதனைக் கைக்கொண்டனர். அவருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் விக்டர் பிராங்கல் என்னும் மருத்துவர். அவர் 1905-இல் ஆஸ்திரியா நாட்டு வியன்னா நகரிற் பிறந்தவர். மனநோய் மருத்துவத்தில் வல்லவர். யூத குலத்தவர் என்ற ஒரே காரணத்தால் 1942-இல் நாஜிகள் அவரையும் அவர் குடும்பத்தாரையும் சிறை முகாமுக்கு அனுப்பினர். நான்கு முகாம்களிற் கிடந்து வதைபட்டு 1945-இல் அவர் விடுதலை பெற்றபோது, தந்தை, தாய், உடன்பிறந்தான், மனைவி ஆகிய நால்வரையும் இழந்திருந்தார். தாம் கண்டவற்றை எழுதி 1946-இல் நூலாக வெளியிட்டார். அவர் வகுத்த சிகிச்சை முறைக்கு லோகோதெரபி என்று பெயர். பொருள்வழி மருத்துவம் எனத் தமிழிற் கூறலாம்.

அந்நூலில் அவர் குறிக்கும் நிகழ்ச்சி ஒன்று. முகாமில் இருவர் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தனர். இனி வாழ்வினின்று பெறத்தக்கது ஒன்றுமில்லை என்பது அவ்விருவர் முடிவு. பிராங்கல் அவர்களோடு வாதம் புரிந்திலர். வினாவையே திருப்பிக் கேட்டார். உங்களுக்கு இனி யாது கிடைக்கும் என்பதை விடுங்கள். உங்களுக்காகக் காத்திருப்பது யாது என்று எண்ணிப் பாருங்கள் என்னும் கருத்தை அவர்கள் உள்ளத்தில் எழுப்பினார். ஒருவனுக்கு வெளிநாட்டில் ஒரு குழந்தை காத்திருந்தது. மற்றவன் ஓர் அறிவியலறிஞன். அவன் எழுதத் தொடங்கிய நூல் வரிசை முடிவுறாது கிடந்தது. அதனை அவனன்றிப் பிறர் முடித்தல் இயலாது. இவ்வுணர்வு வந்தவுடன் இருவரும் தம் துணிவைக் கைவிட்டனர்.

இதனைக் கேட்கும் சைவ நன்மக்களுக்குச் சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பாடி வைத்த வரலாறொன்று நினைவுக்கு வாராமற் போகாது. திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகளாகத் தோன்றியவர் திலகவதியார். அவர்க்குப் பின் பிறந்தவர் மருணீக்கியார். திலகவதியாரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவர்க்கு மணம் பேசியிருந்தனர். திருமணம் நிகழுமுன் கலிப்பகையார் அரசன் ஏவலாற் போர்மேற் சென்றார். அக்காலத்தே தந்தை நோயுற்று இறந்தார். தாயும் உடன் உயிர் நீத்தார். பின்னர்ப் போர்க்களத்திலே கலிப்பகையார் வீழ்ந்த செய்தியும் வந்தது. பெற்றோர் பேசிய பேச்சால் தாம் அவர்க்கே உரியவர் எனக் கொண்டு திலகவதியார் உயிர்விடத் துணிந்தார். தம்பியார் அடியில் வீழ்ந்து, பெற்றோர் போனபின்பும் தாம் உயிர் தாங்கி நிற்பது தமக்கையார் ஒருவர் உளர் என்பதனாலேயே என்றும், அவரும் நீங்குவராயின் தாம் முன்னரே உயிர் நீப்பதாகவும் அழுதுரைத்தார். தம்பியார் உளராதல் வேண்டும் என்னும் அருளால் திலகவதியார் உயிர் தாங்கினார்.

முகாமில் ஒருவனைக் காத்தது எங்கோ இருந்த குழந்தை. திருவாமூரில் தமக்கையைக் காத்தது அடியில் வீழ்ந்த தம்பி. காலமும் நாடும் வேறு. உயிரின் இயல்பு ஒன்றே. தன்னை வேண்டுவார் ஒருவர் உளர் என்னும் அறிவே, தனக்கென வேண்டுவது ஒன்றும் இல்லாதொழிந்த காலத்தும் ஓர் உயிரைத் தாங்கி நிறுத்துகிறது. உளநூல் கண்ட முதல் உண்மை இது.

ஆனால் சேக்கிழார் வரலாற்றை அவ்விடத்தே நிறுத்தவில்லை. எந்தத் தம்பியின்பொருட்டு உயிர் தாங்கினாரோ, அந்தத் தம்பியே தமக்கையை விட்டு நீங்கினார். சமண் சமயம் சார்ந்து, பாடலிபுத்திரம் சென்று, தருமசேனர் என்னும் பெயருடன் அங்கே தலைமை பெற்று வாழ்ந்தார். வாழ்வதற்குக் காரணமாக நின்றவரே வாழ்வினின்று விலகிய பின் என் செய்வது? உளநூலாரின் முதல் விடை இவ்விடத்தில் தளர்கிறது. குழந்தைக்காக வாழ்வாய் என்றால், அக்குழந்தை வளர்ந்து தன் வழியே போனபின் யாருக்காக வாழ்வது?

இவ்வினா இப்பள்ளத்தாக்கு மக்கட்குப் புதியதன்று. பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்காக வயலையும் தோப்பையும் காத்து நின்ற பெற்றோர் இங்குப் பலர். பிள்ளைகள் படித்தனர், சென்னைக்கும் கோவைக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றனர். பணம் வருகிறது, தொலைபேசியிற் பேச்சும் வருகிறது. ஆயினும் காலையில் எழுந்தவுடன் செய்தற்குரியது என ஒன்றும் இல்லாத முதியோர் திண்ணைதோறும் இருக்கின்றனர். உண்ண உணவிருந்தும், உடுக்க உடையிருந்தும், தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்னும் எண்ணம் அவர்களை உள்ளிருந்து அரிக்கிறது. அந்நோய்க்குப் பெயர் வறுமையன்று, பொருளின்மை. முதற்பொருளின் இன்மையன்று; இரண்டாம் பொருளின் இன்மை.

திலகவதியார் என் செய்தார் என்பதை நோக்குக. திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். கெடில நதிக்கரையிலுள்ள அத்திருக்கோயிலில் நாள்தோறும் திருவலகு இட்டார், மெழுகினார், மலர் கொய்து மாலை தொடுத்துச் சாத்தினார். தம்பியாரை மறந்தாரில்லை, அவரை ஆட்கொள்ளுமாறு இறைவனிடம் பலகாலும் விண்ணப்பித்து வந்தார். அன்பு மாறவில்லை, அன்பு ஊன்றி நிற்கும் நிலம் மாறிற்று. சூலை நோயால் வருந்தித் தம்பியார் இரவிலே வந்து அடியில் வீழ்ந்தபோது, எடுத்து நிறுத்தித் திருநீறளித்துத் திருக்கோயிலுட் கொண்டுசெல்லும் வலிமை அவரிடம் இருந்தது. தமக்கையாரும் பொருளிழந்து சோர்ந்து கிடந்திருப்பின், திருநாவுக்கரசர் என ஒருவர் நமக்குக் கிடைத்திருத்தல் அரிது. அவர் தாமும் கையில் உழவாரம் ஏந்திக் கோயில்தோறும் புல் செதுக்கிய பெருமையை அறியாதார் இல்லை. அத்தொண்டின் பாடம் தமக்கையார் கை விளக்குமாற்றிலே தொடங்கியது.

பெரியகுளம் வட்டாரத்துக் கொடிக்கால்களைக் கண்டோர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். வெற்றிலைக் கொடியை நட முனைவோர் முதலில் அகத்தியை விதைப்பர். அகத்தி வளர்ந்து நிழலும் நிலையும் தந்த பின்னரே கொடி அதன்மேல் ஏறும். கொடி கணுக்கள்தோறும் சிறு வேர் விட்டுப் பற்றும்; உழவரும் நாரினால் அணைத்துக் கட்டுவர். கொடிக்குப் பற்றுக்கோடு வேண்டியிருத்தலை எவரும் குறையாகக் கூறார். அஃது அதன் இயல்பு. எதனைப் பற்றியது என்பதே அதன் உயரத்தை வரையறுக்கும். சாய்ந்து விழும் கொம்பைப் பற்றிய கொடி கொம்போடு விழும்.

உயிரின் இயல்பும் இதுவே எனச் சைவ சித்தாந்தம் கூறும். பதிமூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் பன்னிரண்டு நூற்பாவில் அருளிய சிவஞானபோதத்தின் வழிவந்த ஆசிரியர்கள் இதனைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்று வழங்குவர். உயிர் தனித்து நிற்பதன்று, சார்ந்து நிற்பது. பாசத்தைச் சாரின் பாசத்தின் தன்மையாய் இருளும். பதியைச் சாரின் பதியின் ஒளியில் விளங்கும். பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுவது இதற்கு உவமை. வாழ்வின் பொருள் உயிருக்குள்ளே தனியாக வைத்துப் பூட்டிய புதையலன்று. உயிர் எதனைச் சார்கிறதோ அதனிடத்திருந்து அது வருகிறது. வாழ்வுக்குப் பொருள் காண்பவன் தன்னைக் கடந்த ஒன்றினை நோக்கிச் செல்பவனே எனப் பிராங்கலும் கூறினார். மருத்துவர் துன்பத்தின் வழியாகக் கண்டதும் ஆசாரியர் அருளின் வழியாகக் காட்டியதும் இவ்வளவில் ஒத்து நிற்கின்றன.

இனி, உளநூலார் இதனை அளந்து காண முயன்ற வரலாற்றையும் சிறிது அறிதல் வேண்டும். 1964-இல் அமெரிக்காவில் குரும்பா, மகோலிக் என்னும் இருவர் இருபது வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தனர். 2006-இல் மைக்கேல் ஸ்டீகர் என்பாரும் உடனாய்வாளரும் பத்து வினாக்களில் வேறொன்று அமைத்தனர். அதில் ஐந்து வினாக்கள் வாழ்வில் பொருள் உளதாக ஒருவர் உணர்கின்றாரா என்பதையும், ஏனை ஐந்தும் அதனைத் தேடுகின்றாரா என்பதையும் அறிவன. பின்வந்த ஆராய்ச்சியாளர் வாழ்வின் பொருளை மூன்று கூறாக்கினர்: வாழ்வு துண்டு துண்டாய்ச் சிதறாது ஒன்றோடொன்று பொருந்தி விளங்கும் இயைபு, செல்லும் திசையைக் காட்டும் நோக்கம், இவ்வாழ்வு வாழத்தக்கதே என்னும் மதிப்பு.

சிகாகோ நகரின் ரஷ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பட்ரிசியா பாயில் குழுவினர் 1,200-க்கு மேற்பட்ட முதியோரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி, 2009-இல் தம் முடிவை வெளியிட்டனர். வாழ்வில் நோக்கம் மிகுதியாக உடைய முதியோர், நோக்கம் குன்றியோரைக் காட்டினும் அக்காலத்துள் இறத்தல் குறைவாக இருந்தது. நோக்கமே ஆயுளை நீட்டியது என இதனால் முடிவு கட்டுதல் ஆகாது. உடல்நலம் உடையார்க்கு நோக்கம் எளிதில் வாய்க்கும் என்றும் கூறலாமன்றோ? ஆய்வாளர் நோய், மனச்சோர்வு முதலியவற்றைக் கழித்துப் பார்த்தும் அத்தொடர்பு மறையவில்லை என்பது மட்டும் கருதத்தக்கது.

1976-இல் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சி இன்னும் நெருங்கி வருகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் இருவர் ஒரு சோதனை செய்தனர். ஒரு பகுதியார்க்குச் செடியைக் கொடுத்து, அதனை வளர்க்கும் பொறுப்பும், தம் நாளைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமையும் தமக்கே உரியன என்று கூறினர். மற்றைப் பகுதியார்க்கும் செடி கொடுத்தனர். ஆனால் நீர் ஊற்றுதலைப் பணியாளரே செய்வர் என்றனர். மூன்று வாரத்தில் முதற்பகுதியார் ஊக்கமும் சுறுசுறுப்பும் மிக்கோராய்க் காணப்பட்டனர். ஆய்வு சிறியது, அதன்மேற் பெரிய மாளிகை எழுப்புதல் தகாது. ஆயினும் செடி இருவர்க்கும் ஒன்றே. நீர் ஊற்றும் கை யாருடையது என்பதே வேறுபாடு என்பதை மறத்தலாகாது.

இனித் தமிழகத்து ஆய்வொன்று. வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரில் முத்துசாமி கோயில் உளது. மனநோயுற்றோரை உறவினர் அங்கே அழைத்து வந்து தங்கச் செய்வர். பெங்களூர்த் தேசிய மனநல நிறுவனத்து ரகுராம் என்னும் மருத்துவரும் உடனாய்வாளரும் அங்கு வந்து தங்கிய 31 பேரை நோக்கி ஆராய்ந்து, 2002-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். அங்கே மந்திர தந்திரம் ஒன்றும் இல்லை. காலையில் சிறிது நேரம் எளிய பூசை. பின்னர்க் கோயிலைத் துப்புரவு செய்தல், செடிகளுக்கு நீர் ஊற்றல் முதலிய அன்றாடப் பணிகளில் அவர்களும் கலந்துகொள்வர். உடன் ஒரு குடும்பத்தார் இருப்பர். நோய்க்குறிகளை அளக்கும் அளவுகோலில் அவர்தம் சராசரி எண் 52.9-இலிருந்து 42.9-ஆகக் குறைந்தது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அச்சுறுத்தாது அரவணைக்கும் அச்சூழலே இதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர்.

இதனைக் கேட்டுக் கோயிலே மருத்துவமனை என எவரும் எண்ணிவிடலாகாது. அவ்வாய்வில் ஒப்பிட்டு நோக்குதற்கு வேறு குழு இல்லை. மேலும், 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓடித் தப்ப இயலாது மாண்டனர். அக்கொடுமையை நாடு மறத்தலாகாது. மனநோயாளரைச் சங்கிலியிற் பிணித்தலை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துள்ளது. மனம் நோயுற்றார்க்கு மருத்துவம் வேண்டும். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் உளது. உயிர்விடும் எண்ணம் எழுந்து வருந்துவோர் பேசுதற்கென 14416 என்னும் தொலைபேசி எண்ணை ஒன்றிய அரசு 2022 முதல் நடத்தி வருகிறது. சூலை நோய் கொண்ட தம்பியைத் திலகவதியார் சினந்து விலக்கவில்லை, எழுப்பி அணைத்தார். நோயுற்றாரைக் கட்டுதல் சைவமன்று, கைகொடுத்தல் சைவம்.

உளநூல் நில்லாது தயங்கும் எல்லை ஒன்றும் உண்டு. அதன் அளவுகோல் ஒருவன் தன் வாழ்வைப் பொருளுடையதாக உணர்கின்றானா என்பதைக் காட்டும். அவன் உணரும் பொருள் மெய்யானதா என்பதைக் காட்டாது. பிறர் நிலத்தைப் பறிப்பதே நோக்கமாகக் கொண்டவனும் அவ்வினாக்களில் நிறைந்த எண் பெறக் கூடும். பகைமையே தொழிலாகக் கொண்டவனுக்கும் இயைபு உண்டு, நோக்கம் உண்டு, தன் மதிப்பும் உண்டு. கொடி ஏறியதை அளக்கும் கோல், அது பற்றியது அகத்தியையோ பட்ட மரத்தையோ என்பதைக் கூறாது. அதனைக் கூறுவது மெய்ந்நூல். தோன்றி ஒடுங்குவனவெல்லாம் நெடுங்காலம் தாங்கா. தோற்றமும் ஒடுக்கமும் இல்லாத பதியே உயிர்க்கு என்றும் சாயாத பற்றுக்கோடு என்பது சித்தாந்தத்தின் துணிபு. அதற்கு உலகத்தை வெறுத்தல் வேண்டா. தம்பிமேல் வைத்த அன்பைத் துறக்காமலே, அவ்வன்பை இறைவன் திருவடியில் ஊன்றி நின்றார் திலகவதியார்.

அந்நிலைக்கு ஏறும் முதற்படி சரியை. அலகிடல், மெழுகிடல், மலர் கொய்தல், மாலை தொடுத்தல், விளக்கிடல், நந்தவனம் வைத்தல் முதலிய உடற்றொண்டு அது. கிரியை, யோகம், ஞானம் என்னும் மேற்படிகளை நோக்கி இதனை எளியதெனச் சிலர் கருதுவர். எளியதாயினும் இழிந்ததன்று. நூல் கல்லாதாரும், உடல் தளர்ந்தாரும், உள்ளம் உடைந்தாரும் இன்றே தொடங்கத் தக்க படி இஃது ஒன்றே.

பொருள் வழங்கிய பெருமக்கள் ஒன்றனைக் கேட்டு மகிழலாம். 2013-இல் ராய் பாமிஸ்டர் என்னும் உளநூலாரும் உடனாய்வாளரும் அமெரிக்கர் ஏறக்குறைய 400 பேரை ஆராய்ந்தனர். இன்பமான வாழ்வும் பொருளுடைய வாழ்வும் பெரிதும் ஒன்றுபடினும் சிலவற்றில் வேறுபடுகின்றன எனக் கண்டனர். பெறுதல் இன்பத்தோடு தொடர்புடையது. கொடுத்தல் பொருளோடு தொடர்புடையது. பொருளுடைய வாழ்வில் கவலையும் பொறுப்பும் மிகுதியாகவே இருந்தன. திருப்பணிக்கென வாயில்தோறும் சென்றோர் பட்ட கவலையும், உறங்காத இரவுகளும் வீண்போகவில்லை என்பதற்கு இதுவும் சான்று. கைப்பொருளைக் கொடுத்தோர் வாழ்வுப் பொருளை வாங்கினர்.

ஆனால் கொடுக்கும் அப்பேறு செல்வர்க்கு மட்டும் உரியதாய் நின்றுவிடலாகாது. குடமுழுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. மண்டல பூசை 48 நாளில் முடியும். அதன்பின் வரும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட விடியல்களில் இக்கோயில் யாருக்கு என்ன பணி தரப்போகிறது என்பதே இத்திருப்பணியின் பயனை முடிவு செய்யும். அன்னதானத்தில் முதியோர்க்கு உணவு இடுதல் அறம். அம்முதியோரிடமே, கீரை ஆய்ந்து தருக, நந்தவனத்தில் இப்பாத்தி உம்முடையது, நாளை விளக்குத் திரி நீரே திரித்துத் தருதல் வேண்டும் என்று கேட்டல் அதனினும் பெரிய அறம். ஒருநாள் அவர் வாராவிடின், ஏன் வந்திலர் என்று தேடி ஒருவர் வீட்டு வாயிலுக்குச் செல்லுதல் வேண்டும். தாம் இல்லாக்கால் குறைவுபடும் இடம் ஒன்று உலகில் உண்டு என்னும் அறிவு, எந்த மருந்துக் கடையிலும் விற்பதன்று.

சில ஊர்களில் கணவனை இழந்த மகளிரை மங்கல காரியங்களினின்று ஒதுக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. பூத்தொடுக்கவும் கோலமிடவும் அவர் தயங்கி ஒதுங்கி நிற்கின்றனர். மணம் பேசிய தலைவனை இழந்த திலகவதியார் கையால் தொடுத்த மாலையை வீரட்டானத்து இறைவன் ஏற்றருளினான். அவன் ஏற்ற கையை ஊரார் மறுத்தல் எந்த ஆகமத்தின்படி? வாழ்வின் பற்றுக்கோட்டை இழந்து நிற்பவரையே கோயில் முதலில் கைநீட்டி அழைத்தல் வேண்டும். தேர்வில் தோற்றுத் தலைகவிழ்ந்து திரியும் இளைஞனும், விளைவு பொய்த்துக் கடன்பட்ட உழவனும் அவ்வாறே அழைக்கத் தக்கோர். அவர்க்கு அறிவுரை பின்னர்க் கூறலாம். முதலில் ஒரு பணியைக் கொடுத்து, உம்மாலன்றி இஃது ஆகாது என்று கூறுக. கடன் நீக்கவும் கல்வி தொடரவும் ஊரார் கூடி வழிசெய்க.

கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் 1895-இல் நிறைவேறிய பெரியாற்று அணையை எழுப்பிய பென்னிகுயிக்கை இன்றும் நன்றியோடு போற்றுகின்றனர். அவ்வணைக்குக் கல் சுமந்தும் காட்டு நோயால் மடிந்தும் போன தொழிலாளர் எண்ணிறந்தோர். அவர் பெயரை அறிவார் அரியர். ஆயினும் மேற்கே கடலிற் சென்று வீழ்ந்த நீர் கிழக்கே திரும்பி வயலிற் பாயுந்தோறும் அவருழைப்பும் பாய்கிறது. பெயர் கல்லில் இருப்பினும் இல்லாதொழியினும் செய்த பணி பொய்யாவதில்லை. இக்கோயிற் கல்வெட்டிற் பெயர் பொறிக்கப்பெற்ற கொடையாளரும், பெயர் பொறிக்கப்பெறாது சாந்து சுமந்த மகளிரும் இறைவன் கணக்கில் ஒருங்கே உள்ளனர்.

ஆதலின், ஜெயமங்கலத்துப் பெருமக்கள் கோபுரத்தை உயர்த்திய கையால் தளர்ந்த உள்ளங்களையும் உயர்த்துக. ஒவ்வொரு தெருவிலும் பற்றுக்கோடின்றிச் சாய்ந்து கிடக்கும் கொடி யாதென நோக்குக. அதனை எடுத்து இத்திருக்கோயிலாகிய அகத்தியின்மேல் அன்பென்னும் நாரால் அணைத்துக் கட்டுக. அவ்வாறு கட்டப்பெற்ற உயிர், பணியால் பொருள் பெற்று, பொருளால் தெளிவு பெற்று, தெளிவால் மெய்ப்பொருளாகிய சிவபரம்பொருளைச் சார்ந்து விளங்கும்.

திருச்சிற்றம்பலம்